விற்றது குற்றமா?

ஊர் பார்க்கப் போகிறவர்கள் அந்த ஊரில் இருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்புவது உலக வழக்கம். நாங்களோ ஓர் ஊருக்குப் போய், அங்கே இல்லாத ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தோம். ஸ்பெயின் நாட்டின் வடபகுதியில், சோரியா மாகாணத்தில் உள்ள பெர்லாங்கா தெ துவேரோ என்னும் சிற்றூர் அது. அங்கே கண்ட வெற்றுச் சுவர்கள் எழுப்பிய வினா ஒன்று, பயணம் முடிந்து ஆண்டுகள் சென்ற பின்னும் எம்மை விட்டபாடில்லை. சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று அன்பர்கள் பணித்தபோது, பழந்தமிழ் நூல் எதையேனும் ஆராய்ந்து எழுதி அனுப்பிவிடலாம் என்றே முதலில் எண்ணினோம். ஆயினும், பிறந்த மண்ணை விட்டு வந்து பிறிதொரு மொழி வழங்கும் நகரில் வேரூன்றிய குடும்பங்கள் கூடியிருந்து படிக்கும் மலரன்றோ இது! அவ்வினாவை எடுத்து வைப்பதற்கு இதனினும் தக்க இடம் வேறில்லை என்று தோன்றிற்று.

2018 அக்டோபர் மாதம் நாங்கள் இருவரும் மாத்ரிட் நகரில் பணிபுரியும் எங்கள் மகளின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அரண்மனைகளையும் அருங்காட்சியகங்களையும் கண்டு கால் ஓய்ந்த ஒரு நாளில், “போதும் அப்பா, நாளைக்கு உங்களை ஒரு சந்தை ஊருக்கு அழைத்துப் போகிறேன்” என்றாள். மாத்ரிட்டிலிருந்து வடகிழக்காகக் காரில் இரண்டு மணி நேரத்திற்குச் சற்று மேற்பட்ட பயணம். நகரின் அடுக்கு மாடிகள் மறைந்ததும் மேட்டுநிலம் விரிந்தது. அறுவடை முடிந்த வயல்களின் தாள்கள், செம்மண் குன்றுகள், வானம். மனிதர் மட்டும் கண்ணில் படவில்லை. சோரியா மாகாணத்தின் பரப்பு 10,000 சதுரக் கிலோமீட்டருக்கும் மேல். மக்களோ ஏறத்தாழ 90,000 பேர். ஒரு சதுரக் கிலோமீட்டருக்கு 9 பேர் என்பது கணக்கு. நம் குடியிருப்பின் ஒரு மாடிப்படியில் காலை வேளையில் அதற்கு மேற்பட்டவர்கள் ஏறி இறங்குவார்கள் என்று இல்லத்தரசி சொன்னது மிகையன்று.

பெர்லாங்கா அகப்படும் முன்பே அதன் கோட்டை அகப்பட்டுவிடுகிறது. குன்றின்மேல் உருண்ட கொத்தளங்களும், குன்றைச் சுற்றி நெடுக ஓடும் மதிலும், அதன் அடியில் ஒடுங்கிய ஓட்டு வீடுகளுமாக நிற்கிறது ஊர். ஆயிரம் பேருக்கும் குறைவானவர்களே அங்கு வாழ்கின்றனர். இத்தனை பெரிய மதில் எந்தப் பகையை அஞ்சி எழுந்ததோ, அந்தப் பகை என்றோ போய்விட்டது. காக்கப்பட வேண்டிய மக்களும் அதன் பின்னே ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள்.

நாங்கள் சென்றது சந்தை நாள். ஊர் நடுவே ஒரு சதுக்கம். சுற்றிலும் வீடுகளின் மேல்மாடி முன்னே நீண்டு, அதனை மரத்தூண்கள் தாங்கி நிற்க, கீழே நிழலான நடைவழி. நம் ஊர்த் திண்ணையையும் தாழ்வாரத்தையும் ஒன்றாக்கித் தெருவுக்கே பொதுவில் விட்டாற்போல் இருந்தது அந்த அமைப்பு. அங்கே பத்துப் பதினைந்து கடைகள். கடை என்பதும் உபசார வழக்கு, பக்கவாட்டில் கதவு திறந்த வேன்களே அவை. ஒன்றில் குடைமிளகாயும் கத்தரிக்காயும், ஒன்றில் உப்பிட்ட மீன், ஒன்றில் ஆட்டுப்பாற்கட்டி, மற்றொன்றில் காலுறையும் கம்பளிச் சட்டையும். வணிகர்கள் அவ்வூரார் அல்லர். நாளுக்கு ஓர் ஊராகச் சுற்றி வருகிறவர்கள். நிலையான கடைகள் பல மூடிவிட்டன. ஆகவே சந்தை நாளென்பது அவ்வூர் மூதாட்டிகளுக்கு வெறும் வாங்கும் நாளன்று, முகம் பார்க்கும் நாளுமாகும். இந்த அளவு சந்தையும் இல்லாத சுற்றுக் குக்கிராமங்களுக்கு ரொட்டி வண்டி மட்டும் வந்து ஒலிப்பான் அடித்துவிட்டுப் போகுமாம்.

பாற்கட்டிக் கடையில் நாங்கள் ஒரு பிழை செய்தோம். வரிசை ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. நாலைந்து பெண்கள் அங்கங்கே நின்று பேசிக்கொண்டிருந்தனர். யாரும் வாங்கவில்லை போலும் என்றெண்ணி நேரே சென்று காசை நீட்டினோம். பேச்சு நின்றது. சக்கரம் வைத்த பையை இழுத்துக்கொண்டு நின்ற மூதாட்டி ஒருவர் எம் மகளிடம் ஏதோ சொன்னார். மகள் முகம் சிவந்து மொழிபெயர்த்தாள்: அந்நாட்டுச் சந்தைகளில் வருகிறவர் முதலில், “யார் கடைசி?” என்று கேட்க வேண்டும். கடைசியாக வந்தவர் கை உயர்த்துவார். அவருக்குப் பின் நாம். அதன்பின் எங்கு வேண்டுமாயினும் நிற்கலாம், உட்காரலாம், ஊர்வம்பு பேசலாம், இடம் போகாது. கயிறும் கட்டையும் காவலரும் இல்லாமல் முறை காக்கும் இவ்வழக்கம் எம்மை வியப்பில் ஆழ்த்தியது. தமக்கு முன்னே யார் இருக்கிறார் என்று கேட்டறியாத ஒருவருக்கு அங்கே இடமே இல்லை.

சந்தையிலிருந்து நாலெட்டில் ஊர்ப் பெருங்கோயில். 1526 முதல் 1530 வரை நான்கே ஆண்டுகளில் எழுப்பப்பட்டதாம். உள்ளே நுழைந்தவுடன் சுவரில் ஒரு முதலை! பாடம் செய்யப்பட்ட உடல், காலத்தால் கறுத்துத் தொங்குகிறது. அவ்வூரில் பிறந்து துறவியாகி, பனாமா நாட்டின் ஆயரான தொமாஸ் தெ பெர்லாங்கா என்பவர் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுவந்தது என்று சொல்லி, ஊரார் அதனைப் ‘பல்லி’ என்றே அழைக்கின்றனர். 1535இல் பெரு நாட்டுக்குச் செல்லும் வழியில் காற்று ஓய்ந்து, நீரோட்டம் அடித்துச் சென்று, அவர் கப்பல் ஒதுங்கிய தீவுகளே இன்று உலகம் அறிந்த கலாபகசுத் தீவுகள். நீர் கிடைக்காமல் கள்ளி மடல்களைப் பிழிந்து பருகினர் என்றும், ஆளைச் சுமக்கும் ஆமைகளைக் கண்டனர் என்றும் அவர் பேரரசருக்கு எழுதிய மடலில் காணலாம். 1516இல் கனேரித் தீவிலிருந்து வாழைக்கன்றுகளைக் கடல் கடத்தி மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கொண்டு சென்றவரும் இவரே என்பர். நம் கொல்லைப்புறத்து வாழை எங்கெல்லாம் போய், யார் கையால் நடப்பட்டிருக்கிறது பாருங்கள்! உலகின் மறுகோடி வரை சென்ற இம்மனிதர் இறுதியில் பிறந்த ஊருக்கே மீண்டு, 1551இல் அங்கேயே உயிர் நீத்தார். அவர் கல்லறை அக்கோயிலினுள் இருக்கிறது. முதலையை அதன் ஆற்றிலிருந்து பெயர்த்து வந்தது தகுமா என்று எவரும் அவரைக் கேட்டதாகத் தெரியவில்லை.

பெயர்ப்பது என்ற சொல்லை ஒரு காரணத்தோடுதான் இங்கே எழுதினோம்.

பெர்லாங்காவுக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில் காசியாஸ் என்னும் குக்கிராமம். அதனை அடுத்த குன்றுச்சரிவில் தன்னந்தனியே நிற்கிறது சான் பவுதெலியோ என்ற சிறு தவப்பள்ளி. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வெளியிலிருந்து பார்த்தால் கரட்டுக் கற்களால் கட்டிய பெட்டி போன்ற ஒரு கட்டடம். வைக்கோல் வைக்கும் கொட்டகை என்று சொன்னால் நம்பிவிடலாம். உள்ளே காலெடுத்து வைத்தவுடன் மூச்சு நின்றது. நடுவே ஒரே ஒரு கல்தூண். அதன் தலையிலிருந்து எட்டு வளைவுகள் பேரீச்ச ஓலைகளைப் போல் எட்டுத் திசைக்கும் விரிந்து கூரையைத் தாங்குகின்றன. ஒரு மூலையில் பள்ளிவாசலை நினைவூட்டும் சிறு தூண்களின் கூட்டம். அதனருகே முற்காலத் தவசி ஒருவர் வாழ்ந்ததாகக் கருதப்படும் குகை. கிறித்தவரும் இசுலாமியரும் மாறி மாறி ஆண்ட எல்லைப்புறத்தில், இருவர் கலையும் ஒரே கூரையின் கீழ் ஒன்றையொன்று தழுவி நின்ற இடம் அது.

அச்சுவர்கள் ஒரு காலத்தில் மேலிருந்து கீழ்வரை ஓவியத்தால் நிறைந்திருந்தன. மேல்வரிசையில் ஏசுநாதரின் வரலாறு. கீழ்வரிசையில் வேட்டைக் காட்சிகள், கரடி, ஒட்டகம், முதுகில் கோட்டை சுமந்த யானை. 12ஆம் நூற்றாண்டில் காஸ்தில் நாட்டு மேட்டு நிலத்தில் அதை வரைந்த கை, யானையைக் கண்ணால் கண்டிருக்குமா என்பதே ஐயம்! இன்று அங்கே இருப்பவை அவ்வோவியங்கள் அல்ல, அவற்றின் சாயல்கள். பலகையில் எழுதியதைத் துடைத்த பின்பும் சாய்ந்த ஒளியில் எழுத்துத் தெரியுமே, அதுபோல் செம்மை மங்கிய தடங்கள். முயலைத் துரத்தும் நாய் இருந்த இடத்தில் ஓடும் உருவம் ஒன்றின் நிழல். அவ்வளவுதான்.

அவை எங்கே போயின? விற்கப்பட்டன. விற்றவர்கள் அவ்வூர் மக்களே.

அக்கட்டடம் காசியாஸ் கிராமத்துக் குடியானவர் சிலரின் பொதுச் சொத்தாக இருந்தது. 1917இல் அரசு அதனைத் தேசிய நினைவுச் சின்னம் என்று அறிவித்தது. அறிவித்ததே அன்றி, ஒரு காவலரையோ ஒரு காசையோ அங்கு அனுப்பி அதன் உடைமையாளரின் சுமையைப் பகிர்ந்துகொண்டதாகத் தெரியவில்லை. 1922இல் லியோன் லெவி என்னும் கலைப்பொருள் வணிகர் வந்து, 65,000 பெசெட்டா தருவதாகச் சொல்லி ஓவியங்களை விலை பேசினார். குடியானவர்கள் ஒப்பினர். செய்தி வெளிவந்ததும் நாட்டின் அறிஞர்கள் கொதித்தெழுந்தனர்; வேலை நிறுத்தப்பட்டது; வழக்கு நடந்தது. 1925இல் உச்ச நீதிமன்றம், உடைமை குடியானவருடையது, விற்பனை செல்லும் என்று தீர்ப்பளித்தது. 1926இல் ஓவியத்தின்மேல் பசை தடவிய துணியை ஒட்டி, காய்ந்த பின் தோலை உரிப்பது போல் வண்ணப் படலத்தைச் சுவரிலிருந்து உரித்தெடுத்துச் சுருட்டிக் கொண்டு போயினர். அவை அமெரிக்காவில் பாஸ்டன், சின்சினாட்டி, இண்டியானாபொலிஸ், நியூயார்க் எனப் பல அருங்காட்சியகங்களுக்குப் பிரிந்தன. பழங்கலைப் பொருள்களைக் காக்கும் விரிவான சட்டம் ஸ்பெயினில் பிறந்தது 1933இல்தான். குதிரை போன பின் கொட்டில் கதவு.

அந்த வெற்றுச் சுவரின் முன் நின்றபோது எமக்கு எழுந்தது சினம். எட்டு நூற்றாண்டு நின்ற ஒன்றை, தாம் வரையாத ஒன்றை, முன்னோர் தம்மிடம் விட்டுச் சென்ற ஒன்றை, எந்த உரிமையால் விற்றார்கள்? வயிற்றுக்காகக் கண்ணை விற்பதா? இப்படியெல்லாம் உரக்கவே பேசினோம். வெளியே வந்து கல்லில் அமர்ந்தபோது, மகள் தன் தாயின் தோள்மேல் கை வைத்தபடி, மெல்லிய குரலில் கேட்டாள்: “நம்ம ஊர் வீட்டுத் தூணெல்லாம் யாரப்பா விற்றது?”

அவளுக்கு அப்போது ஆறு வயது. நினைவிருக்கும் என்று நாங்கள் எண்ணவில்லை.

அதையும் சொல்லிவிடுவதே முறை. காவிரிக் கரையில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு வீடு இருந்தது. இரட்டைத் திண்ணை, முற்றம், முற்றத்தைச் சுற்றி தேக்குத் தூண்கள், யானைத் தலையும் தாமரை மொட்டும் செதுக்கிய நிலைக்கதவு, கூடத்தில் ஊஞ்சல். அன்னையார் 1985இல் மறைந்தார். உடன்பிறந்தார் மூவர், ஒருவர் பம்பாயில், ஒருவர் ஜாம்ஷெட்பூரில், நாங்கள் தில்லியில். ஊரில் இருந்து பார்த்துக்கொள்வார் யாருமில்லை. மழையில் ஓடு சரிகிறது, கொல்லைச் சுவர் விழுந்துவிட்டது என்று சிற்றப்பா எழுதும் கடிதங்கள் மாதந்தோறும் வரும். 1986 கோடை விடுமுறையில் மூவரும் கூடினோம். மனையை ஒருவருக்கும், மரத்தை ஒருவருக்கும் விற்றோம். தூணுக்கு இவ்வளவு, கதவுக்கு இவ்வளவு என்று பழம்பொருள் வணிகர் ஒருவர் விலை வைத்தார். வெண்கலப் பானைகளையும் பித்தளை அண்டாக்களையும் எடைக்குப் போட்டோம். பேரம் அரை மணி நேரத்தில் முடிந்தது. எங்கள் பங்கு, தில்லியில் வாங்கியிருந்த வீட்டின் கடன் தவணைக்குச் சென்றது. பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்து, ஒரு பெரிய விடுதியின் வரவேற்புக் கூடத்தில் அதே வேலைப்பாடு கொண்ட நான்கு தூண்கள் கூரை எதையும் தாங்காமல் அழகுக்காக நிற்பதைக் கண்டோம். எங்களுடையவை என்று உறுதியாகச் சொல்ல இயலாது. அவற்றை அணுகித் தொட்டுப் பார்க்கவும் துணிவில்லை. திருமண வரவேற்புக்குப் போன இடம். பரிசுப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு உணவருந்தாமல் திரும்பினோம்.

ஆகவே காசியாஸ் குடியானவர்களின் வழக்கை விசாரிக்க எமக்குள்ள தகுதி இவ்வளவே என்பதை வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டும். இனி வழக்கைப் பார்ப்போம்.

விற்றது உடைமையாளர் உரிமை என்றது ஸ்பெயின் நீதிமன்றம். இங்கே நம் நாட்டுச் செய்தி ஒன்று நினைவுக்கு வருகிறது. 1976இல் இன்றைய திருவாரூர் மாவட்டத்துப் பத்தூரில் கூலித் தொழிலாளி ஒருவர் மண்ணை வெட்டும்போது கண்டெடுத்த நடராசர் திருமேனி, கை மாறிக் கை மாறி இலண்டன் சேர்ந்தது. வழக்கு நடந்தது. இடிந்து கிடந்த அக்கோயிலையே ஒரு வாதியாக ஏற்று, அதன் உரிமையை ஆங்கில நீதிமன்றம் ஒப்பியது. 1991இல் திருமேனி திரும்பியது. நம் மரபில் கோயிற் சொத்துக்குச் சொந்தக்காரர் இறைவனே. ஊரார் வெறும் காப்பாளர். சான் பவுதெலியோவுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. அங்கே சுவர் வாய் திறந்து வழக்காட இயலவில்லை. சுவரை வைத்திருந்தவர்கள் மட்டுமே பேசினார்கள். எனவே, ஒரு பொருளுக்கு அதனை வைத்திருப்பவர் உடைமையாளரா, காப்பாளரா என்பதே முதல் வினா என்று கொண்டால், காப்பாளர் என்ற விடையையே எம் உள்ளம் நாடுகிறது. எட்டு நூற்றாண்டாகக் கைமாறி வந்த ஒன்று ஒரு தலைமுறையின் முற்றுடைமை ஆகிவிடாது. இனிப் பிறக்கப் போகிறவர்களும் அவ்வரிசையில் நிற்கிறார்கள். அவர்கள் கை உயர்த்தி ‘நான் கடைசி’ என்று சொல்ல முடியாது என்ற ஒன்றே வேறுபாடு.

ஆனால் விசாரணை இத்துடன் முடிந்துவிடவில்லை. காப்பாளன் என்றால் அவனுக்குச் சோறு போடுவது யார்? காவற்காரனை வைப்பவன் கூலி கொடுப்பான். ‘இது நாட்டின் செல்வம்’ என்று தலைநகரில் ஏட்டில் எழுதிவிட்டு, அந்தச் செல்வத்தின்மேல் ஒழுகும் கூரையைப் பழுதுபார்க்கும் பொறுப்பை, நாட்டிலேயே ஏழ்மை மிகுந்த மேட்டுநிலத்துக் குடியானவனிடம் விட்டுவிடுவது அறமா? போற்றுவது ஒருவர், சுமப்பது மற்றொருவர் என்ற ஏற்பாட்டில் போற்றுகிறவருக்குச் செலவு ஒன்றுமில்லை. ஆதலால் அவர் எவ்வளவு வேண்டுமாயினும் போற்றலாம். வறுமையைப் பாட ‘நல்குரவு’ என்று தனி அதிகாரமே வகுத்த வள்ளுவப் பெருந்தகை, வறியவனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்கு அதை எழுதவில்லை. வறுமை ஒருவனை என்னென்ன செய்துவிடும் என்று உலகுக்குக் காட்டவே எழுதினார் என்பது எம் துணிபு. 65,000 பெசெட்டா அந்தக் குடும்பங்களுக்கு எத்தனை குளிர்காலத்து ரொட்டியாயிற்றோ, எத்தனை பிள்ளைகளை நகருக்கு அனுப்ப வழிச்செலவாயிற்றோ!

சதுக்கத்தில் நடைவழி நிழலில் எம்மிடம் பேசிய முதியவர் ஒருவர் வேறொரு பக்கத்தைக் காட்டினார். ஓவியத்தைப் பற்றி எம் மகள் கேட்டதும் சிரித்தார். “அதைப் பார்க்க யாராவது அப்போது வந்தார்களா? போன பிறகுதான் எல்லாரும் வருகிறார்கள்” என்றார். வெறுப்பு ஏதும் அவர் குரலில் இல்லை. நாங்களும் அந்த ‘எல்லாரில்’ அடக்கம் என்பது சற்றுத் தாமதித்தே எமக்கு விளங்கியது.

வாங்கினவர் குற்றம் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. பொருளின் மதிப்பை அறிந்தவனும் அறியாதவனும் எதிரெதிரே அமர்ந்து செய்யும் பேரம் சட்டத்தில் செல்லும், அறத்தில் செல்லாது. அங்காடியில் நாழியைக் குறைத்து அளப்பதற்கும் இதற்கும் பெரிய வேற்றுமை இல்லை.

எனினும், அவர்களுக்காக வாதாடிய நெஞ்சு எம் பக்கம் திரும்பியதும் வாயடைத்துப் போகிறது. காசியாஸ் மக்களுக்கு வறுமை இருந்தது. எமக்கு? மாதம் முதல் தேதி சம்பளம் வந்தது. மூன்று வீட்டிலும் ஒருவரும் பசித்திருக்கவில்லை. எம் வீடு நினைவுச் சின்னம் அன்று, எட்டு நூற்றாண்டுப் பழமையும் அதற்கில்லை, உண்மைதான். ஆயினும் நாங்கள் விற்றதன் காரணம் தேவையன்று, தொல்லை. ஓடு சரிகிறது என்ற கடிதம் மாதந்தோறும் வருவது தொல்லையாக இருந்தது. பிறருக்கு வறுமையைக் காட்டி விலக்களிக்கும் அதே தராசில் எம்மை ஏற்றினால் தட்டு எந்தப் பக்கம் தாழும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? இதைப் படிக்கும் அன்பர்களில் பலருக்கும் ஒரு வீடு, ஒரு தூண், ஓர் ஊஞ்சல் இருந்திருக்கும். அவர்கள் எம்மைவிட நல்லவர்களாக இருந்திருக்கவும் கூடும்.

இன்னொரு செய்தி. போன ஓவியங்களில் ஆறு, 1957இல் ஸ்பெயினுக்குத் திரும்பின. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அவற்றைக் கால வரையறையற்ற கடனாக மாத்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்திற்கு அனுப்பியது. சும்மா அன்று. அதற்கு ஈடாக, செகோவியா மாகாணத்தில் ஃபுவென்திதுவேன்யா என்னும் மற்றொரு சிற்றூரின் இடிந்த தேவாலயத்தில் எஞ்சி நின்ற கருவறை வளைவு, கல் கல்லாகக் கழற்றி எண்ணிடப்பட்டுக் கடல் கடந்தது. ஏறத்தாழ 3,300 கற்கள். 1961 முதல் அது நியூயார்க்கில் காட்சிக்கு நிற்கிறது. ஓர் ஏழை ஊர் விற்றதை மீட்க, மற்றோர் ஏழை ஊரின் கல்லைக் கொடுத்தார்கள். மீண்டு வந்த ஆறும் சேர்ந்த இடம் தலைநகரம். பெர்லாங்காவின் சுவர் முன்போலவே வெறுமையாக இருக்கிறது. ‘திரும்பியது’ என்ற சொல்லை இவ்விடத்தில் நாம் எப்படித்தான் பொருள் கொள்வது? பத்தூர் நடராசரும் பத்தூர்க் கோயிலுக்குத் திரும்பவில்லை, பாதுகாப்பறையில்தான் இருக்கிறார் என்று நண்பர் ஒருவர் நினைவூட்டினார். பாதுகாப்பு என்ற காரணம் இரண்டிடத்தும் நியாயமானதே. நியாயமான காரணங்களாலேயே ஊர்கள் வெறுமையாகின்றன.

நாங்கள் திரும்பிவந்த சில மாதங்களுக்குள், 2019 மார்ச் 31ஆம் நாள், சோரியா, தெருவேல் முதலிய மாகாணங்களின் மக்கள் மாத்ரிட்டில் பெருந்திரளாகக் கூடி ஊர்வலம் சென்றனர். மருத்துவர், பள்ளி, இருப்புப்பாதை, தொலைத்தொடர்பு ஆகியவற்றை எம்மூர்களுக்கும் தாருங்கள் என்பதே கோரிக்கை. 2016இல் செர்ஜியோ தெல் மொலினோ என்ற எழுத்தாளர் தம் நூலுக்கு ‘வெறுமை ஸ்பெயின்’ எனப் பெயரிட்டிருந்தார். ஊர்வலத்தாரோ ‘வெறுமையாக்கப்பட்ட ஸ்பெயின்’ என்று முழங்கினர். இலக்கணம் அறிந்த நாம் இவ்வேற்றுமையைச் சுவைக்காமல் இருக்கலாகாது. முன்னது தன்வினை போன்றது, தானே காலியாயிற்று என்பது. பின்னது செயப்பாட்டுவினை, செய்தவர் ஒருவர் இருக்கிறார் என்பது. செய்தவர் யார் என்று கேட்டால், 1950க்குப் பின் ஆலைகளையெல்லாம் மாத்ரிட், பார்சலோனா, பில்பாவோ என்ற சில நகரங்களில் குவித்த கொள்கையைக் காட்டுவர். உழவு இயந்திரத்தைக் காட்டுவர். கிளம்பிப் போன பிள்ளைகளை மட்டும் யாரும் காட்டுவதில்லை. ஆகஸ்டு மாதத் திருவிழாவுக்கு அவர்கள் திரும்பி வருவார்கள் அல்லவா! பெர்லாங்காவிலும் அந்த ஒரு மாதம் பூட்டிய வீடுகள் திறக்குமாம், சதுக்கத்தில் நடக்க இடமிராதாம், பேரப்பிள்ளைகள் நகரத்து உச்சரிப்பில் சண்டையிடுவார்களாம். செப்டம்பரில் மீண்டும் பூட்டு. முதியவர் இதைச் சொல்லும்போது எங்கள் மகள் மொழிபெயர்ப்பதைச் சற்று நிறுத்தினாள். கோடை விடுமுறைக்குத் தில்லியிலிருந்து ரயிலேறிய நாள்களை நினைத்தாள் போலும்.

ஊரை விட்டுப் பயணமாகுமுன் மீண்டும் பாற்கட்டிக் கடைக்குச் சென்றோம். இம்முறை முறையாக “யார் கடைசி?” என்று அவள் கற்றுத்தந்தபடி கேட்டோம். கடைக்காரர் பலகைகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை. அரைக்கிலோவை நிறுத்துக் கொடுத்து, மிச்சமிருந்த ஒரு துண்டையும் பொட்டலத்தில் வைத்துக் கட்டினார்.

இரண்டு நாள் கழித்து மாத்ரிட்டில் பிராடோ அருங்காட்சியகத்திற்குப் போனோம். யானை இருந்தது. மங்கிய சிவப்புப் பின்னணியில், முதுகில் கோட்டை சுமந்து, காணாதவன் வரைந்த காலோடும் காதோடும் அமைதியாக நின்றது. நல்ல வெளிச்சம், அளவான குளிர்ச்சி, தூசியில்லை. அருகில் காவலர் ஒருவர். சுவரில் இருந்திருந்தால் இந்நேரம் உதிர்ந்துபோயிருக்கலாம் என்று இல்லத்தரசி சொன்னார். இருக்கலாம். நாங்கள் விற்ற தூண்களும் விடுதியில் மெருகு ஏற்றப்பட்டுப் பளபளவென்றுதான் நின்றன.

தில்லி திரும்பியதும் சிற்றப்பாவின் மகனுக்கு ஒரு கடிதம் எழுதினோம். 1986இல் மரம் விற்றபோது ஊஞ்சற் பலகையை மட்டும் வணிகர் எடுக்கவில்லை. ஓரத்தில் பிளவு இருந்ததால் விலை போகவில்லை. அது என்னவாயிற்று என்று கேட்டிருந்தோம். பத்து நாளில் விடை வந்தது. பலகை அவன் வீட்டுப் பரணில் சாக்கு சுற்றிக் கிடக்கிறதாம், சங்கிலி துருப்பிடித்துவிட்டதாம், எட்டடி நீளமாதலால் லாரியில்தான் வர வேண்டுமாம். அவனும் பிள்ளையோடு கோயம்புத்தூருக்குக் குடிபெயரப் போகிறான். தைக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். “எடுத்துக்கொள்கிறீர்களா அண்ணா, இல்லை இங்கேயே யாருக்காவது கொடுத்துவிடட்டுமா?” என்று கேட்டிருந்தான்.

எங்கள் வீட்டுக் கூடத்தின் நீளத்தை அன்று மாலையே அளந்து பார்த்தோம். பத்தடி இரண்டு அங்குலம்.